வடிவத்துக்கு வேலி உண்டோ?

"கஜல் உருதுக்காரர் உடைமை, தமிழுக்கு எதற்கு?" எனச் சினப்போர் உண்டு. மதுரையில் 1937இல் பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமானின் தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். அவரோ வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றினார். 'மின்மினிகளால் ஒரு கடிதம்' நூலில் தமிழிலேயே கஜல் படைத்தார்!

துரோகமா இது? அரபு மண்ணில் முளைத்து, பாரசீகத்தில் தழைத்து, உருதுவில் பூத்தது கஜல். ஈரடிகள் ஒவ்வொன்றும் தனித்துப் பொருள் தரும். ஈற்றில் வரும் இயைபே அவற்றைக் கோக்கும். இயைபுத் தொடை தொல்காப்பியம் அறியாததா?

மரக்காணத்து உப்பளப் பாத்தியில் நிற்கும் நீர் எந்தக் கரையைத் தழுவி வந்ததென்று எவர் கேட்கிறார்? பாத்தி கட்டிய உழைப்பாளியல்லவா அதை உப்பாக்குகிறான்! ஆதிக்க மொழியை எதிர்ப்பது வேறு, தோழர்களே. அயல்மொழியின் அழகை வெறுப்பது வேறு. 2017இல் மறைந்த அக்கவிஞரை ஏசுவோரை ஒன்றே கேட்பேன்: படித்தீரா?