எவ்வளவு பெரிய துப்பாக்கி?

'அங்கிள், ஒரு அட்வைஸ் வேணும். பாயிண்ட் 44 மேக்னம் வாங்கலாமா, 454 கஸுலா, இல்லை ஒரேயடியா 500-க்கே போயிடட்டுமா?'

அமெரிக்காவில் இருந்து வந்த மெயில் இது. எழுதிய பையன் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர். இவன் இப்போது மலையும் காடுமான ஒரு மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சீசன் வந்தால் ஆபீஸ் நண்பர்களோடு வேட்டை. லைசென்ஸ், அனுமதிச் சீட்டு எல்லாம் சட்டப்படி. ரைஃபிளால் மான் அடித்தாகிவிட்டதாம். இந்த வருடம் எல்க், அதுவும் ரிவால்வரால். எல்க் நம்ம ஊர்க் கடமானுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

நான் வாழ்நாளில் சுட்டது என்.சி.சி.யில் ஒரு அட்டையை மட்டும்தான். என்னை ஏன் கேட்கிறான்? 'ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் உங்க வீட்டு அலமாரியில எடுத்துத்தானே படிச்சேன்' என்கிறான். சரி, பழி நம் மேல்தான்.

முதலில் அவன் சொல்லும் அயிட்டங்கள் என்ன என்று பார்த்துவிடலாம். பாயிண்ட் 44 என்பது ஏறக்குறைய குண்டின் குறுக்களவு, அங்குலத்தில். 44 மேக்னம் 1955-ல் வந்தது. எல்மர் கீத் என்ற அமெரிக்கர், மாட்டுப்பண்ணையும் எழுத்துமாக வாழ்ந்தவர், 'கைத்துப்பாக்கிக்கு இன்னும் கனம் வேண்டும், இன்னும் வேகம் வேண்டும்' என்று வருடக்கணக்கில் விடாமல் எழுதியதன் பலன். 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைத் தூக்கிப் பிடித்ததும் உலகப் புகழ் பெற்றது. அதற்கும் மேலே 454 கஸுல். அதற்கும் மேலே, 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த 500 மேக்னம். அரை அங்குலக் குண்டு. நீளக் குழல் மாடல் தோட்டா போடாமலே சுமார் 2 கிலோ. ஆறு தோட்டா உட்காரும் இடத்தில் ஐந்துதான் உட்காரும், அத்தனை பருமன். சக்தி, 44-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

'பெரிசு வாங்கினா பாவம் கம்மி அங்கிள். ஒரே அடியில முடிஞ்சிடும். அதுக்கும் வலிக்காது' என்று எழுதியிருந்தான்.

சிரிக்க வேண்டாம். இதில் நியாயம் இருக்கிறது. சின்னத் துப்பாக்கியால் பெரிய மிருகத்தைச் சுட்டால் அது சாகாது. காயத்தோடு ஓடும். நாள்கணக்கில் சீழ் பிடித்துக் கிடந்து சாகும். அல்லது சாகாமலே இருந்துவிடும். அது இன்னும் மோசம். 1907-ல் குமாவுன் மலையில் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றதாக அவர் கணக்குச் சொல்கிறார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதனிடம் வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அந்த யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் 'குறி கொஞ்சம் தப்பிடுச்சு' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கணக்கைத் தீர்த்தது, புல் அறுக்கப் போன பெண்கள்.

அப்படியானால் பெரிசாகவே வாங்கிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் உடம்பு குறுக்கே வருகிறது. இவ்வளவு சக்தியும் முன்னால் மட்டும் போவதில்லை, பின்னாலும் வரும். சுடுகிறவன் மணிக்கட்டில் இறங்கும். நாலு தரம் அடி வாங்கிய கை அஞ்சாம் தரம் விசையை இழுக்கும் முன்பே பயப்படும். கண் மூடும், குழல் தாழும். சுட்டவருக்கே இது தெரியாது. பயிற்சி கொடுப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஐந்து அறையில் ஒன்றிரண்டில் மட்டும் டம்மித் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். எது டம்மி என்று சுடுகிறவருக்குத் தெரியாது. வெடிக்காத தோட்டா வரும்போது துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும். பலருக்கு அது ஒரு குனி குனிந்து எழும். இப்படிக் குனிகிற 500-ஐவிடக் குனியாத 44 மேல். மிருகம் சாவது குண்டின் பருமனால் மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடத்தால்.

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1957-ல் முதல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்து, நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். ஜெர்மனியில் இருந்து பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் வந்தன. அந்த ராட்சசச் சக்கரத்தைப் பார்க்க வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப்போகாத நெய்வேலிக் குடும்பம் உண்டா? ஆனால் அங்கே மேல்மண்ணில் கிடந்தது கெட்டியான கடலூர் மணற்கல். சக்கரத்தின் பற்களை அரைத்துத் தின்றது. முதலில் வெடி வைத்து இளக்கி, பிறகு சக்கரத்தை விட வேண்டியிருந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலோ அழுத்தத்தோடு காத்திருக்கும் நிலத்தடி நீர். அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு மேலே வரும். அதனால் ராப்பகலாக பம்புகள் ஓடுகின்றன. அன்றைக்குப் 'பெரிய மெஷின் வந்தாச்சு, எல்லாம் முடிஞ்சது' என்று யாராவது நினைத்திருந்தால், நெய்வேலி இன்று ஒரு பெரிய ஏரியாக இருந்திருக்கும். மெஷினை வாங்கியதோடு நிற்காமல் மண்ணையும் தண்ணீரையும் படித்தார்கள்.

வேட்டையிலும் அப்படிப் படித்த ஒருவர் உண்டு. டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பங்கை 7 மில்லிமீட்டர் ரைஃபிளால் முடித்தார். மற்றவர்கள் மான் அடிக்க வைத்திருந்த சைஸ். யானையின் மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பாடம் படித்தவர். ஆனால் இவரை உதாரண புருஷனாக வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அத்தனையும் தந்தத்துக்காக. திறமை வேறு, தர்மம் வேறு. சுத்தமாகக் கொல்லத் தெரிந்தவன், கொல்லத் தகுதி உள்ளவன் ஆகிவிட மாட்டான்.

'வேட்டையே பாவம், இதில் எந்தத் துப்பாக்கி என்று என்ன கேள்வி?' என்று சிலர் கேட்கலாம். கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. வள்ளுவரே புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்தவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தாரக்குப்பம் கறிக்கடை முன்னால் பையோடு நிற்கிற நம்மில் பலருக்கு அந்த உரிமை கொஞ்சம் குறைவு. அந்தக் கடைக்காரர் விடியற்காலையில் கத்தியைத் தீட்டுகிறாரே, அந்த ஒரு செயலில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கொல்வது என்று ஆனபின் மொண்ணைக் கத்தி கூடாது. அது ஆட்டுக்கு அவர் பட்டிருக்கும் கடன்.

இன்னொரு வேடிக்கை. கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற ஊரில், 1890-களில் பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில் ஒரு தோட்டா செய்தார்கள். உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரிந்து கிழிக்கும். 'கொடூரம்' என்று உலகம் கூச்சல் போட்டது. 1899-ல் ஹேக் நகரத்து மாநாட்டில் போரில் அந்த ரகத் தோட்டா கூடாது என்று பிரகடனம் செய்தார்கள். அதே பிரிட்டனில் இன்று ரைஃபிளால் மான் சுடுவதானால் விரியும் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்பது சட்டம். மனிதனுக்குக் கொடூரம், மானுக்குக் கருணையா? யோசித்தால் முரண்பாடு இல்லை. போரில் எதிரி சண்டையை விட்டு விலகினாலே போதும், பிழைத்து வீட்டுக்குப் போகலாம். அவனைக் கிழிப்பது அநாவசியம். மானை நாம் சாகடிக்கத்தான் சுடுகிறோம். மெதுவாகச் சாகடிப்பதுதான் அங்கே அநாவசியம். ஆக, ஒரு ஆயுதம் நல்லதா கெட்டதா என்று அதைக் கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. எதற்கு என்று கேட்டால்தான் சொல்ல முடியும்.

நம்ம பையனிடமும் அதைத்தான் கேட்டேன். கையில் நல்ல ரைஃபிள் இருக்கிறது, 200 மீட்டரில் இருந்து நிதானமாகச் சுடலாம். ரிவால்வர் எதற்கு?

அவன் பதில் நேர்மையானது. 'ரைஃபிள்ல ரொம்ப ஈஸி அங்கிள். ரிவால்வர்னா 40, 50 மீட்டருக்குள்ள போகணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கணும், சருகு மேல கால் வைக்கக்கூடாது. மிருகத்துக்கும் ஒரு சான்ஸ் கிடைக்குது. அதான் சேலஞ்ச்.'

இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். கேட்க அழகாக இருக்கிறது. நெருங்கிப் போகிறவன் மிருகத்தை மதிக்கிறான் என்பதும் உண்மை. ஆனால் இந்த சேலஞ்சில் ஒரு கணக்கு இடிக்கிறது. கயிறு கட்டாமல் மலை ஏறுகிறவன் தவறினால் விழுவது அவன். கடலில் நீந்துகிறவன் தவறினால் முங்குவது அவன். இங்கே ஆட்டத்தைக் கஷ்டமாக்கிக்கொள்வது ஒருவன், தவறினால் வயிற்றில் குண்டோடு ஓடுவது இன்னொரு ஜீவன். ஜெயித்தால் பெருமை இவனுக்கு, தோற்றால் வலி அதற்கு. பந்தயத்தில் சேரச் சம்மதமா என்று அதை யாரும் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், கருணை என்று பேசுகிற இடத்தில் எல்லாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் தவறினால் யாருக்கு வலிக்கும்? எனக்கே என்றால் எந்தத் துப்பாக்கியும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவருக்கு என்றால், எனக்கு எது த்ரில் என்பது கணக்கிலேயே வரக்கூடாது. பரீட்சைத்தாள் திருத்துகிறவர், கத்தி பிடிக்கிற டாக்டர், சஸ்பென்ஷன் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி எல்லோருக்கும் இது பொருந்தும்.

அவனுக்கு எழுதிய பதில் சுருக்கம்தான். 'தம்பி, போகத்தான் வேண்டும் என்றால் ரைஃபிளோடு போ. ரிவால்வரோடு நெருங்கிப் போகிற ஆசை இருந்தால், அதே 40 மீட்டருக்கு ரைஃபிளையும் எடுத்துக்கொண்டு போகலாமே. யார் தடுத்தது? ரிவால்வர்தான் என்று பிடிவாதம் என்றால், எது பெரிசு என்று பார்க்காதே. டம்மித் தோட்டாவில் எது உன் கையில் குனியாமல் நிற்கிறதோ அது. பத்துக்குப் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அதைவிட ஒரு அடி கூடினாலும் விசையில் இருந்து விரலை எடு.'

நமக்கு இங்கே இந்தத் தலைவலி இல்லை என்று நினைக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது, சரி. ஆனால் நம் ஊர்களிலும் அவுட்டுக்காய் என்று ஒன்று உண்டு. பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடியைப் பொதிந்து காட்டுப்பன்றிக்கு வைப்பது. சக்திக்குக் குறைச்சல் இல்லை, குறி மட்டும் கிடையாது. வைத்தவன் வீட்டில் தூங்குவான், யார் வாயில் வெடிக்கிறதோ அது விதி. 2020 மே மாதம் கேரளத்தில் ஒரு கர்ப்பிணி யானை வெடி வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததே, ஞாபகம் இருக்கும். பயிர் போன விவசாயியின் வயிற்றெரிச்சலும் பொய் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அனுமதித்தது. சுடுவதற்கு என்று ஒரு ஆள் இருக்கிறார், அவர் பதில் சொல்ல வேண்டும். அவுட்டுக்காய்க்கு அந்த ஆள் இல்லை. வித்தியாசம் அதுதான்.

2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலி நாலு பேரைக் கொன்றதாகச் சொன்னார்கள். ஊரே கொதித்தது. 'சுட்டுத் தள்ளுங்கள்' என்றார்கள். வேட்டையாட உத்தரவும் வந்தது. உயர் நீதிமன்றம், உடனே கொன்றுவிட வேண்டாம், பிடிக்கப் பாருங்கள் என்றது. கும்கி யானை, மோப்ப நாய், டிரோன், மரத்துக்கு மரம் கேமரா. 21 நாள் அலைந்தார்கள். முந்தின ராத்திரி ஊசி பட்டும் புதருக்குள் தப்பியது. மறுநாள், அக்டோபர் 15, பிடிபட்டது. மைசூருக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள்.

அவர்கள் கையில் இருந்த மயக்க ஊசித் துப்பாக்கிக்கு 500 மேக்னத்தின் சக்தியில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதனாலேயே புலிக்குச் சில பத்து மீட்டர் வரைக்கும் அவர்கள் போக வேண்டியிருந்தது. அந்த முறை குறி தவறியிருந்தால் வலி யாருக்கு என்று, அங்கே போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்கள்.