சாவியை வைத்துவிட்டு…

ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879இல் அரங்கேறியது. நாடகத்தின் முடிவில் நாயகி நோரா சாத்திவிட்டுப் போகும் கதவுச் சத்தத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் பெரிது. கணவனை எதிரே உட்காரவைத்து, எட்டு வருட வாழ்க்கையை நிதானமாகப் பேசித் தீர்க்கிறாள். அவன் போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, தான் போட்டதைக் கேட்டு வாங்குகிறாள். வீட்டுச் சாவியை எடுத்து வைக்கிறாள். பிறந்த வீட்டுச் சாமான்களை மட்டும் மறுநாள் தோழி வந்து கட்டியெடுப்பாள். கடிதம் போடட்டுமா என்கிறான், வேண்டாம். பண உதவி? அதுவும் வேண்டாம். சாபமில்லை, ஊரைக் கூட்டவில்லை.

பிள்ளைகளை விட்டு எந்தத் தாய் போவாள் என்று ஜெர்மனியில் ஒரு நடிகை இந்த முடிவை நடிக்கவே மறுத்தார். இப்சன் வேண்டாவெறுப்பாக வேறொன்று எழுதிக் கொடுத்தார். அதில் நோரா குழந்தைகளின் அறை வாசலிலேயே சரிந்துவிடுகிறாள்.