சுடலைக் காவலனின் மானம்

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்ற ‘மயான காண்டம்’ யாழ்ப்பாணத்து ஊர்களை விடிய விடிய விழித்திருக்க வைத்தது. அந்த அரிச்சந்திரனைத் தியாகி என்கிறோம். ஆனால், தன் வாக்கைக் காக்க மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் விற்றவன் அவன். தன்னை விற்பது தியாகம். பிறரை விற்பது, தன் பெயருக்காக அவர்களைச் செலவழிப்பது. மனைவி, மக்கள் கணவனின் உடைமை என்று அக்காலத்தார் எண்ணினார்களே என்பார்கள். இருக்கட்டும், அடிமைப்பட்டு உழைத்த உடம்பு சந்திரமதியுடையதுதானே!

அவனுடைய தியாகம், தன்னையும் விற்றுக் காவலனாய் நின்ற சுடலையில்தான் தொடங்குகிறது. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்து வருகிறாள் தாய். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியால் அவளை அறிகிறான். அறிந்த பின்னும் கூலி கேட்கிறானே, கல்நெஞ்சன் அல்லவா? அந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். வாய்க்கரிசி அவனுடைய பங்கு, அதை விட்டுக்கொடுக்கிறான். கால்பணமும் முழத்துண்டும் எசமான் வீரபாகுவுக்குரியவை. அவற்றை விட அவனுக்கு உரிமையில்லை. தனதல்லாததைக் காசியில் விலைபேசியவன், இங்கே தனதல்லாததைத் தொட மறுக்கிறான். பார்த்து மெச்ச ஆளில்லாத இடம். ஆகவே இது புகழுக்கான மானமுமல்ல. அதிலும் அவன் காப்பது, சமூகம் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய ஒருவனின் உரிமையை. 1968இல் அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மாவிட்டபுரம் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரிச்சந்திரனுக்காக அழுத ஊர் வீரபாகுவைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிவில் இறைவன் தோன்றிப் பிள்ளையையும் நாட்டையும் திருப்பித் தருகிறார். நாடகம் அங்கே தளர்கிறது என்பேன். விற்ற தகப்பனைப் பற்றி, உயிர்த்தெழுந்த மகனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை.