மின்கம்பத் தண்டனையும் நாணும்

குற்றஞ்செய்தவரை ஊரறிய இழிவுபடுத்துவது தண்டனைதானா, அல்லது அதுவே வேறொரு குற்றமா என்னும் வினா யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. 1980களின் நடுப்பகுதியில், பொலிஸ் நிலையங்களும் நீதிமன்றங்களும் செயலிழந்து, தெருவின் அதிகாரம் ஆயுத இயக்கங்களின் கைக்கு மாறிய காலத்தில், களவெடுத்தார், படையினருக்குத் தகவல் கொடுத்தார், ஒழுக்கம் தவறினார் என்றெல்லாம் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் வீதியோர மின்கம்பங்களில் கட்டப்பட்டுச் சுடப்பட்டனர். அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் ஓர் அட்டையில் எழுதப்பட்டு உடலில் தொங்கவிடப்பட்டது. 'சமூகவிரோதி', 'துரோகி' என்னும் இரு சொற்களே பல வேளைகளில் குற்றப்பத்திரமாகவும் தீர்ப்பாகவும் அமைந்தன. உயிரைப் பறிப்பது மட்டுமே நோக்கமாயின் அதற்குக் கம்பமும் வேண்டியதில்லை, அட்டையும் வேண்டியதில்லை. அத்தண்டனை கொல்லப்பட்டவருக்காக அன்றி, அவ்வழியே போவோர் வருவோருக்காகவே வடிவமைக்கப்பட்டது.

இத்தகைய காட்சித் தண்டனை புதிதன்று. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது என்னும் வழக்கு இன்றும் தமிழர் பேச்சில் நிலைத்திருக்கிறது. மநு நூல் தண்டத்தை நால்வகையாகப் பிரித்து, மென்மையாகச் சொல்லித் திருத்தும் வாக்குத் தண்டத்தை முதலிலும், 'சீ' என்று கடிந்துரைக்கும் திக்குத் தண்டத்தை அடுத்தும், பொருளைப் பறிப்பதையும் உடலை வருத்துவதையும் அவற்றின் பின்னும் வைக்கிறது. கடிந்துரைத்தல் அங்கே தனியான ஒரு படி. அதையும் உடல்வதையையும் ஒன்றாகப் பிணைத்து, விசாரணையை மட்டும் விலக்கிவிட்டதே மின்கம்பத் தண்டனை.

தமிழ் அறநூல் மரபில் நாண் என்பதும் அவமானம் என்பதும் ஒன்றல்ல. நாண் என்பது தகாததைச் செய்ய மனம் தானே கூசுவது. அவமானம் என்பது பிறர் ஒருவர்மீது வெளியிலிருந்து சுமத்துவது. திருக்குறளின் 102ஆம் அதிகாரமாகிய நாணுடைமை இந்த உட்கூச்சத்தையே மனிதரின் சிறப்பாகக் கொள்கிறது. அட்டை மாட்டுவோர் அவமானத்தைச் சுமத்தினால் நாண் பிறக்கும் என்று கருதுகின்றனர். ஆனால் கூச்சம் பிறப்பதற்குத் தன் மதிப்பு என்று காக்கத்தக்க ஏதாவது ஒன்று ஒருவரிடம் எஞ்சியிருக்க வேண்டும். அதை முழுவதும் உரித்தெடுத்தபின், அவர் உயிரோடு விடப்பட்டாலும், அவரிடம் மிஞ்சுவது அச்சமோ வன்மமோதான்.

இவ்விடத்தில் சைவர் ஒருவர் எழுப்பக்கூடிய தடையொன்று உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இறைவன் தண்டிப்பதும் அருளே என்று சைவ சித்தாந்தம் கூறும். இனிமையாக ஆட்கொள்வது அறக்கருணை, துன்புறுத்தித் திருத்துவது மறக்கருணை. பிள்ளையை அடிக்கும் தகப்பனிடம் இருப்பதும் அன்பேயாயின், சமூகத்தைத் திருத்த முனைந்தோரின் கடுமையையும் மறக்கருணை எனலாமே என்பது அத்தடை. இதற்குரிய விடை 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரிலேயே இருக்கிறது. மண்ணுலகில் அரசன் தண்டிப்பதும் ஈசன் அருளின் வழிப்பட்டதே என்று ஏற்கும் அந்நூல், தண்டிக்கப்பட்டவர் பாவம் நீங்கிப் பின்னர் சொன்னவழி நடந்து தூயவராவர் என்பதையும் அதனோடு சேர்த்தே கூறுகிறது. அந்தப் 'பின்னர்' என்பதே இங்கு உரைகல். தண்டனைக்குப் பின் வாழ்வதற்கு ஒரு நாளையும், திரும்பிச் செல்வதற்கு ஓர் ஊரையும் விட்டுவைக்காத எதுவும் மறக்கருணை என்னும் பெயருக்கு உரியதாகாது. கம்பத்தில் கட்டப்பட்டவருக்குப் 'பின்னர்' என்பதே இல்லை. அவருடைய மனைவி மக்களுக்கோ 'பின்னர்' உண்டு. ஆயின் அவர்கள் அறியாத குற்றத்தின் பெயர் அதில் எழுதப்பட்டுவிட்டது.

நவீன மனித உரிமைச் சட்டமும் இவ்விடத்துக்கே வேறு வழியால் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் சித்திரவதையோடு இழிவான தண்டனையையும் தன் 5ஆம் உறுப்புரையில் விலக்கியது. இழிவு என்பதற்கு எல்லை எது என்னும் கேள்வி, மான் தீவில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பிரம்படி கொடுத்தது பற்றிய வழக்கில் 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முன் வந்தது. பலர் காணத் தண்டித்தல் இழிவைக் கூட்டக்கூடும், ஆயினும் பிறர் காணாவிடினும் தன் கண்ணிலேயே ஒருவர் தாழ்ந்துபோவது இழிவுக்குப் போதும் என்று அந்நீதிமன்றம் கருதியது. அதே 1978இல் இயற்றப்பட்ட இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான தண்டனையை எந்த விதிவிலக்குமின்றித் தடைசெய்தது. மின்கம்பங்களில் உடல்கள் தொங்கிய ஆண்டுகளிலும் அவ்வுறுப்புரை நடைமுறையிலேயே இருந்தது. அதை முதலில் மதிக்க வேண்டிய அரசோ தன் தடுப்பு முகாம்களில் அதை மீறிக்கொண்டிருந்தது. படையினரின் சுற்றிவளைப்புகளின்போது, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய 'தலையாட்டி'யின் முன்னால் ஊரவர் வரிசையாக நடத்தப்பட்டதும், ஒரு தலையசைவே தீர்ப்பானதும் இதே இழிவின் மறுபக்கம். அரசு மீறியது என்பது மற்றவர் மீறுவதற்கு உரிமையாகாது. இரு தரப்பிடமும் அகப்பட்டவர் ஒரே ஊரவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூல் அக்காலத்தின் உள்வன்முறையையும் சமூகத்தின் மௌனத்தையும் சேர்த்தே ஆராய்ந்தது. அந்நால்வருள் ஒருவரான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். மௌனம் பற்றிய அக்கேள்வி நாணுடைமை அதிகாரத்திலும் உண்டு. தம்மேல் வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்மேல் வரும் பழிக்கும் கூசுவோரையே நாணின் இருப்பிடமாக அது காட்டுகிறது. அவ்வளவுகோலின்படி நாணம் பற்றிய விசாரணை கம்பத்தில் கட்டப்பட்டவரோடு முடிவதில்லை. அட்டையை வாசித்து, செய்திருப்பான்தான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, சைக்கிளை மிதித்துக் கடந்தவர்களிடமும் அது செல்கிறது. இன்று திருடன் என்று ஐயுறப்பட்ட ஒருவரைக் கட்டிவைத்துக் கைபேசியில் படமெடுத்துப் பரப்புவோரிடமும், அதைத் திறந்து பார்த்து அடுத்தவருக்கு அனுப்புவோரிடமும் அதே விசாரணை தொடர்கிறது.