பாட்டி பொடியும் நேனோ துகளும்

"நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க!" இந்த வரி வாட்ஸ்அப்பில் வராத வாரம் உண்டா? வயிற்றுப் பூச்சி விஷயத்தில் அது வெறும் பெருமை இல்லை. வாய்விளங்கம், குப்பைமேனி, வேம்பு எல்லாம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் பூச்சிக்குக் கொடுத்து வந்தவைதான். இப்போது ஆய்வுக்கூடங்களில் மூலிகைச் சாறுகளை நேனோ துகளாக்கிப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நேனோமீட்டர்.

தேவை இருக்கு. நம் நாட்டுப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை பூச்சி மருந்து கொடுத்தார்கள், பிறகு நின்றுபோனது. பினாங்கில் இருக்கும் நமக்கு அது மறந்தே போச்சு. ஓராங் அஸ்லி பிள்ளைகளிடமோ சாட்டைப்புழு இன்னும் அதிகம். உருண்டைப்புழுவை விரட்டும் அல்பெண்டசோல், ஒரே வேளை கொடுத்தால் சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்றுவிடும்.

பாட்டி பொடிமேல் வைத்த நம்பிக்கையை நேனோ துகள்மேலும் அப்படியே வைக்கலாமா? கூடாது என்பேன். வாய்விளங்கத்தில் உள்ள எம்பெலின் தண்ணீரில் சரியாகக் கரையாது. துகளைச் சிறிதாக்கினால் உடம்பு அதிகமாக உறிஞ்சும். ஆனால் புழு இருப்பது குடலில். மருந்தும் அங்கேயே தங்கினால்தானே நல்லது? ரத்தத்தில் ஏறினால் புழுவுக்கு என்ன நஷ்டம்? விலங்குகளிடம் செய்த சோதனைகளில் எம்பெலின் கருவுறுதலைக் குறைத்ததும் பதிவாகியிருக்கிறது. பல தலைமுறை அனுபவம் சாட்சி சொல்வது பொடிக்கு. துகளுக்கு அந்தச் சாட்சி செல்லாது. (புழுவும் உயிர்தானே என்று கேட்கும் தம்பிகளுக்கு: பிள்ளையின் ரத்தசோகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

சீன அறிவியலாளர் தூ யூயூ பழைய மருத்துவ ஏட்டில் கிடைத்த குறிப்பிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டார். ஏட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடவில்லை. விலங்குகளிடம் சோதித்தார், பிறகு தானே முதலில் சாப்பிட்டுப் பார்த்தார். 2015-இல் நோபல் வந்தது. ஏட்டுக்கு அவர் காட்டிய மரியாதை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கடம் பாக்கி. நேனோ மருந்து மனிதரிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்தால், சாட்டைப்புழு அதிகமுள்ள ஓராங் அஸ்லி கிராமத்துக்குத்தான் போவார்கள். மூலிகை நம்முடையது, பெருமை நம்முடையது, முதலில் விழுங்கப்போவது அவர்கள் பிள்ளை. அந்தத் தாய்க்கு அவள் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, "வேணாம்" என்று சொல்லவும் இடம் கொடுப்பது யார்?