சமையலறையில் கொல்லாமை

உணவகச் சமையலறையில் கரப்பான்பூச்சியைக் கொல்வது பாவமா, கொல்லாமல் விடுவது பாவமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மரபுகள் வேலூர் வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றன. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகத் தெற்கே போகும் சாலை போளூரை அடைகிறது. போளூருக்குப் பக்கத்துத் திருமலையில் சமணக் குன்றும் குந்தவை பெயர் கொண்ட ஜினாலயமும் இருக்கின்றன. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலோடு வளர்ந்த முஸ்லிம் குடும்பங்கள், பேர்பெற்ற பிரியாணிக் கடைகள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாகச் சமுதாய நலப் பணி செய்துவருகிறது. அதன் மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளிலும் உடன் வருபவர்களிலும் பலர் நகரத்து உணவகங்களில் நாட்கணக்கில் சாப்பிடுகிறார்கள். நோயாளி சாப்பிடும் தட்டு என்பதால் இங்கே இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

தீங்கு என்னவென்பதில் ஐயமில்லை. சாக்கடையில் நடந்த கால்களோடு கரப்பான் சாதத்தின் மீதும் நடக்கிறது; சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் காலிலும் கழிவிலும் சுமந்து வருகிறது. அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி ஆஸ்துமாவைக் கிளப்பும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டத்துக்கு இது நேரான விஷயம். அறத்துக்கு அப்படியில்லை.

சமணம் கொலையை நான்காகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே கொல்வது சங்கல்பி. வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. துறவி நான்கையும் விடவேண்டும். இல்லறத்தார் முதலாவதை முழுமையாக விட்டு, மற்றவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். குறைக்கும் வழியாக அம்மரபு கைக்கொண்ட பழக்கங்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் சமையலறைப் பழக்கங்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, இருட்டியபின் உண்ணாதிருப்பது, தானியத்தைப் பார்த்துப் பொறுக்கிச் சமைப்பது எல்லாமே உயிர் வந்து விழுந்து சாகும் நிலை ஏற்படாமல் முன்கூட்டியே தடுப்பவை. வைதிக நூலான மனுஸ்மிருதியும் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் இல்லத்தின் கொலைக்களங்களாக எண்ணி, அவற்றால் வரும் பாவத்துக்கு அன்றாடம் கழுவாய் விதிக்கிறது. சமையல் குற்றமற்ற தொழில் என்று இந்த மரபுகள் ஒருபோதும் கருதவில்லை.

பௌத்தம் எண்ணத்தைப் பார்க்கிறது. கண்பார்வை இழந்த சக்குபாலர் என்ற தேரர் நடந்தபோது காலடியில் பூச்சிகள் செத்தன. கொல்லும் எண்ணம் இல்லாததால் அவரிடம் குற்றமில்லை என்று புத்தர் கூறியதாகத் தம்மபத உரை சொல்கிறது. மருந்து வைக்கும் உணவகக்காரருக்கு இந்த விலக்கு கிடைக்காது. அவர் தெரிந்தே கொல்கிறார். இஸ்லாமிய மரபு தீங்கு செய்யும் உயிர்களைக் கொல்ல அனுமதிக்கிறது. ஆனால் எறும்பையும் தேனீயையும் கொல்லத் தடை உண்டு, நெருப்பால் தண்டிக்கத் தடை உண்டு, கொல்ல நேர்ந்தாலும் வதைக்காமல் செய்யவேண்டும் என்ற நபிமொழியும் உண்டு.

பூச்சிக்கு வலி ஏது என்று கேட்டு இந்தக் கவலைகளை ஒதுக்குவது முன்பு எளிதாக இருந்தது. 2022இல் மட்டில்டா கிப்பன்ஸ், லார்ஸ் சிட்கா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வலியை உணர்வதற்கான எட்டு அளவுகோல்களில் ஆறு வளர்ந்த கரப்பான் இனத்துக்குப் பொருந்துவதாகக் கண்டது. இது முடிந்த முடிவன்று. ஆயினும் ஒரு பூச்சிதானே என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு இனி இடமில்லை.

உணவகங்களில் அதிகம் காணப்படுவது சிறிய, வெளிர்பழுப்பு நிற ஜெர்மன் கரப்பான். பெயர் அப்படியிருந்தாலும், ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மரில் ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து அது பிரிந்தது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதர் கட்டிய கட்டடங்களுக்கு வெளியே அது இயற்கையாக வாழும் இடம் எதுவும் அறியப்படவில்லை. அதன் இடத்தில் அதை விட்டுவிடலாம் என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. அதற்குக் காடு கிடையாது, நம் சமையலறைதான் அதன் காடு. ஆகவே அது எத்தனை பிறக்கிறது என்பதற்கும் மனிதரே பொறுப்பு. பெண் கரப்பான் சுமக்கும் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். வெதுவெதுப்பான சமையலறையில் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் முதிர்ந்துவிடும். கிரைண்டருக்கு அடியில் காயாத மாவையும், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் சூட்டையும், சிங்க் குழாயின் கசிவையும் ஆறு மாதம் கவனிக்காமல் விட்ட கடை, ஆயிரக்கணக்கான உயிர்களை வளர்த்துவிட்டுப் பிறகு ஒரே இரவில் நஞ்சிடுகிறது. கொலை என்று எண்ணப்படுவது அந்த இரவு மட்டும்தான். குற்றமோ அந்த ஆறு மாதத்தில் நடந்தது.

இரவு அடுப்பை இழுத்து அடியைத் துடைப்பது, குழாய்க் கசிவை அடைப்பது, சுவர் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது, சாக்கடை மூடிக்கு வலை போடுவது, முட்டைப்பைகள் ஒட்டிவரும் அட்டைப்பெட்டிகளைச் சரக்கறைக்குள் விடாதிருப்பது ஆகியவை சுகாதார விதிகள் என்று மட்டும் கருதப்படுகின்றன. தண்ணீரை வடிகட்டிய சமண இல்லத்தாரின் வழக்கத்துக்கு இன்று உணவகத்தில் இணையானவை இவைதாம். பிறக்காத உயிருக்கு யாரும் தீங்கு செய்வதில்லை. ஏற்கனவே இருப்பவை நீரும் உணவும் இன்றிச் சாகும் என்பது உண்மை. அந்தச் சாவு தொழிலில் நேரும் கொலைக் கணக்கில்தான் வரும், இல்லையென்று மறைக்கக்கூடாது. ஆனால் அது ஒருமுறை நேர்வது. மருந்தை மட்டும் நம்பும் கடையில் அது மாதாமாதம் நேர்கிறது, நஞ்சுக்குப் பழகிய தலைமுறைகளும் உருவாகின்றன. குளுக்கோஸ் கலந்த இரையைத் தொடாத கரப்பான்கள் 1990களிலேயே பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பொறுப்பு யாருடையது என்பதில் அநீதி எளிதில் நுழைகிறது. பதினான்கு மணி நேரம் நின்று வேலை செய்த பாத்திரம் கழுவுபவரின் கையில் இரவு பதினொன்றரைக்குத் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் கரப்பான் வந்தால் அவரைத் திட்டுவது முறையன்று. துப்புரவுக்கு நேரமும் கூலியும் ஒதுக்குவது கல்லாவில் இருப்பவரின் கடமை. ஒதுக்காதவரே அந்தச் சாவுகளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர்.

எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் கொல்லவேண்டியே வரும். அப்போது முறை முக்கியமாகிறது. கொதிநீரை ஊற்றுவதும் நெருப்புக் காட்டுவதும் வதை. பசைப் பலகையில் ஒட்டிய கரப்பான் நாட்கணக்கில் உயிரோடு துடிக்கும். எங்கே எத்தனை இருக்கின்றன என்று அறிய ஓரிரு பலகை வைக்கலாம், அவற்றை நாள்தோறும் பார்த்து, ஒட்டியதை உடனே நசுக்கி முடிக்கவேண்டும். ஒழிப்பதற்கு, விரிசல்களில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் மருந்து போதும். சமையலறை முழுவதும் தெளிக்கும் மருந்து உணவிலும் பாத்திரத்திலும் படிந்து, காக்கவேண்டிய நோயாளியின் தட்டுக்கே போய்ச் சேரும்.