கருணை போதுமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளொன்றுக்குப் படியொன்று என்று கணக்குச் சொல்லி மகிழ்வர் அடியார்கள். அந்தப் படிகளில் ஏற இயலாதோர் என்ன செய்கின்றனர்? அடிவாரத்திலேயே நின்று திரும்பிவிடுகின்றனரா? இல்லை. மலைமேல் வண்டி செல்லச் சாலை இருக்கிறது. காலில் வலுவற்றவரும், முதுமையில் தளர்ந்தவரும் அதன் வழியே மேலே சென்று வருகின்றனர். "படியேற முடியாதவன் பக்தனாக இருக்கத் தகுதியற்றவன்" என்று எவரும் தீர்ப்புக் கூறிவிடவில்லை. நல்லது. அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. நாம் கேட்பது வேறு. 365 படிகளுக்கு மாற்று வழி கண்ட நாடு, மருத்துவமனை வாயிலில் உள்ள மூன்று படிகளுக்கு மாற்று வழி காண ஏன் இத்தனை காலம் தயங்குகிறது?

வாயிற்படியையேனும் கண்ணால் காணலாம்; சில மூட்டை சிமெண்டு கொண்டு சரிவுப் பாதை கட்டிவிடலாம். உள்ளே இருக்கும் படிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. செவி கேளாத பெண் ஒருத்தி வயிற்று வலியோடு வருகிறாள். மருத்துவர் அவளைக் கேட்பதில்லை. உடன் வந்த அண்ணனைக் கேட்கிறார். மாதவிலக்குப் பற்றிய கேள்விக்கு அண்ணன் விடை கூறுகிறான்! சக்கர நாற்காலியில் வந்தவரை நிறுக்கக் கருவி இல்லை. "ஐம்பது கிலோ இருக்கும்" என்று கண்ணளவில் எழுதுகின்றனர். அந்தக் கண்ணளவை நம்பியே மருந்தின் அளவு முடிவாகிறது. பார்வையற்றவரின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒப்புதல் தாளில் பதிக்கின்றனர். தாளில் எழுதியிருப்பது என்ன என்று படித்துக் காட்டுவோர் இல்லை. அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். "அவன் அப்படித்தான்" என்று கூறி அனுப்பிவிடுகின்றனர். அவன் வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருப்பதைப் பார்ப்பவர் இல்லை.

இவர்கள் அனைவரும் கொடியவர்களா? அல்லர். "ஐயோ, பாவம்!" என்று உள்ளம் உருகுவோரும் இவர்களில் உண்டு. கருணை இருக்கிறது, கைக்குப் பயிற்சி இல்லை. கண்ணீர் இருக்கிறது, கருவி இல்லை. இரக்கம் இருக்கிறது, எதிரே இருப்பவரும் தம்மைப்போல் முடிவெடுக்க உரிமை பெற்ற ஆள் என்ற எண்ணம் இல்லை. ஆகவேதான் கேட்கிறோம்: கருணை போதுமா?

போதாது என்பதற்கு இந்நாட்டில் சான்றுகள் உண்டு. 1994 ஆம் ஆண்டு. மராட்டியத்தில் சிரூர் என்னும் ஊரில், அறிவு வளர்ச்சி குன்றிய பெண்களுக்கென அரசு நடத்திய இல்லம். அங்கிருந்த பெண்கள் சிலருக்குப் புனேயின் சாசூன் மருத்துவமனையில் கருப்பையை அகற்றும் அறுவை நடத்தப்பட்டது. நோயா? இல்லை. மாதவிலக்கு நாட்களில் தூய்மை பேணுவது அவர்களுக்குத் தெரியவில்லையாம். ஆகவே அவர்கள் நன்மைக்காகவே செய்ததாகக் கூறினர். நாடெங்கும் மாதர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. நன்மைக்காக! இந்தச் சொல்லை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பழக்கிக் கற்றுக் கொடுப்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். அறுத்தெறிவதற்குக் கத்தி போதும். பயிற்சி இல்லாத கருணை கத்தியைத் தேடிற்று.

மற்றொரு சான்று நம் தமிழ்நாட்டிலேயே. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். ஓடித் தப்ப இயலவில்லை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். தெய்வ அருளால் குணமாகும் என்று நம்பி அவர்களை அழைத்து வந்தவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தாம். அவர்களுக்கும் அன்பு இருந்தது. ஆனால் அந்தக் காப்பகத்தை நடத்துவோருக்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை பணியாளர் வேண்டும், சங்கிலி கூடுமா கூடாதா என்று முன்னமே கேட்டு வாங்கியவர் யார்? எவருமில்லை! நம்பிக்கை நிறைய இருந்த இடத்தில் நிபந்தனை ஒன்றுகூட இல்லை. அதன் விலை 28 உயிர்கள்.

"அவரவர் வினைப்பயன், அனுபவிக்கிறார்கள்" என்பார் இன்னும் சிலர். குறையுள்ள உடலை முற்பிறப்பின் தண்டனை என்று கொண்டால், மருத்துவம் செய்வது தண்டனைக் கைதிக்குப் போடும் சோறாகிவிடும். போட்டால் புண்ணியம், போடாவிட்டால் கேள்வி இல்லை. குறளின் 618 ஆம் பாவை எண்ணிப் பாருங்கள். பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. அங்குள்ள 'பொறி' என்ற சொல்லுக்கு விதி என்று உரை கண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு என்று பொருள் காண்போரும் உளர். எந்த உரையைக் கொண்டாலும் நம் வழக்கு வெல்கிறது. விதியாயினும் உறுப்பாயினும் அது இல்லாதவர்மேல் பழி இல்லை. அறிய வேண்டியதை அறியாத மருத்துவமனைமேல்தான் பழி!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய உலக உடன்படிக்கையை இந்தியா 2007 இல் ஏற்றது. மற்றவர்க்குத் தரும் அதே தரமான மருத்துவத்தை, அவர்தம் ஒப்புதலைப் பெற்றே தர வேண்டும் என்று அதன் 25 ஆம் பிரிவு மருத்துவத் துறையினர்க்குக் கடமை வகுக்கிறது. தமிழ்நாட்டில் 2010 இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு ஏற்றது. தனித் துறையும் கண்டது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம், 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அமைய வேண்டும், மருத்துவத்தில் முன்னுரிமை வேண்டும் என்கிறது அதன் 25 ஆம் பிரிவு. மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர் ஆகியோர் கல்வியில் இது ஒரு பாடமாக வேண்டும் என்கிறது 47 ஆம் பிரிவு.

எழுத்து அழகாக இருக்கிறது. நடப்பு? 2019 இல் மருத்துவ மாணவர்களின் தொடக்கப் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகள் பற்றி 7 மணி நேரம் ஒதுக்கினர். 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறையில் அந்த 7 மணி நேரத்தைக் காணோம்! ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஏழு மணி; அதுவும் பாரமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகளான மருத்துவர்களே எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 8 இல் உச்சநீதிமன்றம், தடையின்மை பற்றிய விதியொன்று கட்டளையாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக இருப்பதைச் சுட்டி, அது சட்டத்துக்கே முரண் என்று தீர்ப்பளித்தது. பரிந்துரையாக இருக்கும் வரை அது வேண்டுகோள். வேண்டுகோளை மறுப்பவன் குற்றவாளி ஆவதில்லை.

சட்டத்தை மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. ஆனால் அதைப் பெற யார் நடக்க வேண்டும்? நடக்க இயலாதவர்! யார் வாதாட வேண்டும்? பேச இயலாதவர்! புண்பட்டவன் புண்ணோடு நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது சட்டத்தின் வழி. ஒப்பந்தத்தின் வழி வேறு. அங்கே பணம் கொடுப்பவர், கொடுக்குமுன் கேட்கலாம்.

இன்று அரசு மருத்துவத்தைத் தானே நடத்துவதோடு, விலைக்கும் வாங்குகிறது. 2008 முதல் 108 ஊர்தி ஒப்பந்தத்தின் பேரில் ஓடுகிறது. 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். பட்டியலில் சேரும் மருத்துவமனையோடு ஒப்பந்தம். அங்கே எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர், என்ன கருவி என்று எண்ணிப் பார்த்துத்தான் சேர்க்கின்றனர். அந்த எண்ணிக்கையோடு இன்னும் சில வரிகளைச் சேர்க்கக் கூடாதா? தாழ்த்தி உயர்த்தும் பரிசோதனைக் கட்டில் இருக்கிறதா? சக்கர நாற்காலியோடு நிறுக்கும் எடைக்கருவி இருக்கிறதா? சைகை மொழி அறிந்தவரை அழைக்க ஏற்பாடு உண்டா? பணியாளர் பயிற்சி பெற்றனரா? இவை இருந்தால் சேர், இல்லையேல் பணமில்லை!

"அன்பை ஒப்பந்தத்தில் எழுத முடியுமா?" என்று கேட்பர் அறநெறிப் பெரியோர். கட்டாயத்தால் செய்யும் பணி அறமாகாது என்பது அவர்தம் வாதம். வாதம் உயர்ந்தது, ஆனால் கட்டிலில் கிடப்பவனைக் கேட்காமல் எழுந்த வாதம். அறுவை செய்யும் கருவியில் கிருமி நீக்குவது அன்பினாலா? விதியினால். அதனால் நோயாளிக்கு ஏதேனும் நட்டமா? உள்ளத்தை ஆணையிட இயலாது, ஒப்புகிறோம். கையை ஆணையிடலாம். "தொடுமுன் பெயரைச் சொல், என்ன செய்யப் போகிறாய் என்று கூறு, துணைக்கு வந்தவரை விட்டு நோயாளியைக் கேள்" என்று எழுதலாம், கற்பிக்கலாம், தேர்வு வைக்கலாம். கை நாள்தோறும் மதிப்போடு பழகினால், உள்ளமும் ஒரு நாள் பின்தொடரும். தொடராவிட்டாலும் நோயாளி பிழைப்பான். கருணை பெறுபவன் கொடுப்பவனின் மனநிலையை நோக்கிக் காத்திருக்க வேண்டும். உரிமை பெற்றவன் காத்திருக்க வேண்டியதில்லை. வேறுபாடு இதுதான்.

இது கனவா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2013 இல் தொடங்கிய 'ஒன் கேர்' திட்டத்தைப் பாருங்கள். கூட்டரசு, மாநில அரசு, காப்பீட்டு நிறுவனம் மூவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அது. மாற்றுத்திறனாளிகளை நடத்தும் முறையில் பணியாளர்க்குப் பயிற்சி அதில் நிபந்தனையாக இடம் பெற்றது. திட்டத்தைக் கண்காணிக்க அமைந்த குழுவில் பாதிக்குக் குறையாதோர், சேவை பெறும் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் குடும்பத்தாருமே. தகுதி இருக்கிறதா என்று தீர்ப்பளிக்கும் தகுதி அவர்களுக்கே என்பதை ஏற்ற ஏற்பாடு அது. செருப்புக் கடிப்பதை அறிபவன் அதை அணிந்தவன் தானே? 2024 மே மாதம் அந்நாட்டுக் கூட்டரசும், தன் பணம் பெறும் மருத்துவ நிலையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற ஒரு கட்டிலும் ஓர் எடைக்கருவியுமேனும் வைத்திருக்க வேண்டும் என்று விதி எழுதியது. அங்கும் இது கருணையால் கனிந்ததன்று. பல்லாண்டுப் போராட்டத்தால் பறித்த கனி.

"செலவாகுமே!" என்பர். ஆகும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களுக்கு இப்போது செலவாகவில்லையா? பரிசோதனைக் கட்டிலில் ஏற முடியாததால் பார்க்கப்படாத புற்றுநோய், முற்றிய பின் பெருஞ்செலவாக வருகிறது. வீடு தேடி மருத்துவம் செல்லும் என்று 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' கண்டு, இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாயிலுக்கே அனுப்பிய நாடு இது. வாயில் வரை செல்ல வழி கண்ட அரசுக்கு, வருவோரை வரவேற்கவும் வழி காண இயலாதா?

திருத்தணி இளைஞர்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் ஊர் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தில் உங்கள் பாட்டன்மார் சிறை புகுந்தது எதற்காக? ஆட்சி தம் மொழியில் தம்மோடு பேச வேண்டும் என்பதற்காக. தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடும் இழிவு வேண்டாம் என்பதற்காக. எல்லைக்கப்பால் நகரியிலிருந்து வரும் தெலுங்கரிடம் தெலுங்கில் பேச வேண்டும் என்பதும் உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறாயின் செவி கேளாதவருக்கும் ஒரு மொழி உண்டு. அது கைகளின் மொழி. அம்மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லாத மருத்துவமனையில் அவர் தம் நாட்டிலேயே அயல்நாட்டார். மொழிக்காகப் போராடிய மண், இந்த வழக்கை முதலில் ஏற்க வேண்டாமா?

தோழர்களே, வேலை இருக்கிறது. 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் மாவட்டத்தில் மருத்துவப் பணிக்காக அரசு செய்துள்ள ஒப்பந்தங்களின் படியைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல் அதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை சட்டத்திருத்தம் நிறைவேற்றியது; அவ்வுறுப்பினர்களோடு சேர்ந்து இக்கேள்வியை மன்றத்தில் எழுப்புங்கள். நான்கு நிபந்தனைகளைக் கேளுங்கள்: பயிற்சி, கருவி, நோயாளி அறிந்த மொழியில் ஒப்புதல், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் ஆய்வு. நிறைவேறாவிடில் பணப்பிடித்தம் என்ற ஐந்தாவதையும் மறவாதீர்கள். அது இல்லாத நான்கும் வாழ்த்துரையாகிவிடும்.

கருணை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும், வளர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அது இல்லாதவனின் கையில் சிக்கினாலும் நோயாளி நலமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய வரிகளை ஒப்பந்தத்தில் எழுதச் செய்வோம்!